ஐந்து பேரும் ஒரே அடி: தாக்குதல் வரிசையை ஒரு தடுப்பு முறைக்கேற்ப மாற்றிக் கட்டுவது எப்படி?

ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி 2002-இல் தன் முதல் பருவத்தை ஆடியபோது, அதன் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி வீசுகிறவர், அல்லது ஓடுகிறவரிடம் கொடுப்பவர்) டேவிட் கார் 76 முறை பந்தோடு சாய்க்கப்பட்டார். அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக்கில் ஒரே பருவத்தில் வேறு எவரும் அத்தனை முறை விழுந்ததில்லை. 2005-இல் அதே மனிதர் 68 முறை விழுந்தார். அந்த ஆண்டு அணி 16 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றது. இத்தனைக்கும் அவருக்கு முன்னால் நின்று எதிராளிகளைத் தடுக்கும் ஐந்து பேரின் முன்வரிசையைப் பற்றி நிர்வாகம் கவலைப்படாமல் இருந்துவிடவில்லை. நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரு கோடியிலும் டேக்கிள்கள்: இதுதான் அந்த வரிசை. புதிய அணிக்கு ஆள் கொடுப்பதற்காக நடந்த சிறப்பு டிராஃப்டில் (ஆள் தேர்வில்) அவர்கள் எடுத்த முதல் பெயரே டோனி பொசெல்லி, அந்தக் காலத்தின் தலைசிறந்த இடது டேக்கிள்களில் ஒருவர். தோள் காயத்தால் அவர் ஹூஸ்டனுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

2010-இல் அதே ஹூஸ்டனில் ஏரியன் ஃபாஸ்டர் என்ற ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுகிறவர்) 1,616 யார்டு ஓடி லீக்கில் முதலிடம் பிடித்தார். ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ஆள் அவர். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அங்கே நடந்ததை முன்னே வைத்துக்கொண்டுதான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நல்ல ஆள் ஐந்து பேரைச் சேர்த்தால் நல்ல வரிசை வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். அப்படி வராது. எந்த முறையில் தடுக்கப் போகிறோம் என்பது முடிவான பிறகுதான் யார் நல்ல ஆள் என்ற கேள்விக்கே பொருள் கிடைக்கிறது.

1. முறையை முதலில் முடிவு செய்யுங்கள்

ஓட்டத்துக்கு வழிவிடும் தடுப்பு முறைகள் எத்தனையோ பெயர்களில் உலவினாலும் குடும்பங்கள் இரண்டுதான்.

ஒன்று, கேப் அல்லது பவர் முறை. இதில் ஓட்டம் எந்த இடைவெளி வழியாகப் போக வேண்டும் என்பது பந்து கிளம்பும் முன்பே தீர்மானம். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் எதிராளிகளை உள்நோக்கிச் சாய்வாக அமுக்குவார்கள். மறுபக்கத்து கார்டு தன் இடத்தைவிட்டுக் கிளம்பி, வரிசைக்குப் பின்னால் ஓடிவந்து, திறந்த வாசலில் முதல் ஆளாக நுழைவார். கோணமும் எடையும்தான் இங்கே ஆயுதம். 1980-களில் வாஷிங்டன் அணியின் ‘ஹாக்ஸ்’ வரிசை இதில் பேர்போனது. 1983 ஜனவரியில் நடந்த, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் ஜான் ரிக்கின்ஸ் 38 முறை பந்தைச் சுமந்து 166 யார்டு ஓடினார்.

மற்றது சோன் முறை. இதில் ஐந்து பேரும் ஒரே திசையில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி முதல் அடியை வைக்கிறார்கள். ஒருவருக்கும் ‘உன் ஆள் இவன்’ என்ற ஒதுக்கீடு இல்லை. தன் பாதையில் வருகிறவர் யாரோ அவரே தன் ஆள். எதிர்வரிசை முழுவதும் பக்கவாட்டில் இழுபட்டு ஓட, எங்காவது ஒரு கீறல் விழும். ரன்னிங் பேக் அதைப் பார்த்து நுழைவார். வாசல் எங்கே என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. சோன் முறை புரிந்துவிட்டதா என்று சோதிக்க இந்த ஒரு வாக்கியம் போதும்.

2006-இல் ஹூஸ்டனுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்த கேரி கூபியாக்குக்கு இந்தத் தேர்வில் குழப்பமே இருக்கவில்லை. அதற்கு முந்தைய 11 ஆண்டுகள் அவர் டென்வரில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். அங்கே முன்வரிசைப் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் வளர்த்தெடுத்த சோன் முறையில், ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்ட டெரல் டேவிஸ் 1998-இல் 2,008 யார்டு ஓடினார். டேவிஸ் காயமுற்ற மறுகணம் 1999-இல் ஒலாண்டிஸ் கேரி, 2000-இல் மைக் ஆண்டர்சன் என்று யார் வந்தாலும் ஆயிரத்தைத் தாண்டினார்கள். ஒலாண்டிஸ் கேரி நான்காம் சுற்று, ஆண்டர்சன் ஆறாம் சுற்று.

உங்கள் அணிக்கு எது பொருந்தும்? குவார்ட்டர்பேக்கைப் பாருங்கள். ஓடிக்கொண்டே வீசத் தெரிந்தவர் என்றால் சோன் அவருக்குக் கைகொடுக்கும். காரணம் எட்டாவது படியில் வருகிறது. பயிற்சியாளரையும் பாருங்கள். தனக்குத் தெரிந்ததைத்தான் ஒருவரால் ஆழமாகக் கற்றுத்தர முடியும். ‘இரண்டையும் சமமாக ஆடுவோம்’ என்று தொடங்கும் புதிய வரிசைகளைக் கண்டால் எனக்குப் பயம். முதிர்ந்த வரிசைக்கு அது அழகு. கட்டிக்கொண்டிருக்கும் வரிசைக்கு அது இரண்டு பரீட்சைக்கு ஒரே இரவில் படிப்பது.

2. இருப்பவர்களைப் புதிய கண்ணால் பாருங்கள்

பழைய மதிப்பெண்களை ஒதுக்கிவையுங்கள். கையிலுள்ள ஒவ்வொருவரின் ஆட்டப் பதிவையும் எடுத்து, ஒரே ஒரு கேள்வியோடு பாருங்கள். சோன் என்றால்: இந்த மனிதர் பக்கவாட்டில் மூன்று அடி வைத்த பிறகும் தோள்கள் எதிர்கோட்டுக்கு இணையாக இருக்கின்றனவா? பவர் என்றால்: மோதிய இடத்திலிருந்து எதிராளி பின்னால் நகர்கிறாரா?

இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் தேர்வுப் பரிசோதனையின் எண்களையும் முறைக்கேற்ப வேறு வேறாகப் படிக்க வேண்டும். சோனுக்கு இருபக்கமும் திரும்பி ஓடும் 20 யார்டு ஷட்டில் ஓட்டம், கூம்புகளைச் சுற்றி வளையும் மூன்று கூம்பு ஓட்டம், 40 யார்டு ஓட்டத்தின் முதல் 10 யார்டு ஆகிய மூன்றும் பேசும். 225 பவுண்டு எடையைப் படுத்தபடி எத்தனை முறை தூக்கினார் என்பதற்கு அங்கே பெரிய மரியாதை கிடையாது. பவர் முறையில் உடல் எடையும் கைப்பலமும் முன்னுக்கு வரும். ஆனால் அங்கேயும் ஒரு விதிவிலக்கு உண்டு: கிளம்பி ஓட வேண்டிய கார்டு சோம்பேறிக் கால்காரராக இருந்தால் முறையே படுத்துவிடும்.

பார்த்து முடித்ததும் ஆட்களை மூன்றாகப் பிரியுங்கள். இன்றே பொருந்துகிறவர், ஓராண்டில் பழக்கிவிடக்கூடியவர், எவ்வளவு நல்லவரானாலும் இங்கே பொருந்தாதவர். மூன்றாவது கூட்டத்தை வைத்துக்கொண்டு மனம் இளகுவதுதான் பல நிர்வாகங்களின் நோய். வேறு முறை ஆடும் அணிக்கு அவர் தங்கம். விலை இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.

3. சென்டரில் தொடங்குங்கள்

பெரும்பாலோர் இடது டேக்கிளில் தொடங்குவார்கள். சம்பளமும் புகழும் அங்கேதான். என் கணக்கில் இது தவறான தொடக்கம், சோன் முறையில் மும்மடங்கு தவறு.

சென்டர் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்த அதே நொடியில் பக்கவாட்டில் பாய வேண்டும். தன் தோளுக்கு வெளியே நிற்கும் 320 பவுண்டுக்காரரை எட்டிப் பிடித்து, அவருக்கு வெளிப்புறம் போய்ச் சேர வேண்டும். இது முடியாவிட்டால் ஓட்டம் தொடங்கும் முன்பே நடுவில் ஓட்டை விழுந்துவிடும். மேலும் எதிர்வரிசையைப் படித்து மற்ற நால்வருக்கும் அழைப்பு கொடுப்பவர் அவர். ஐந்து பேர் ஒரே அடி வைக்க வேண்டிய ஆட்டத்தில், அந்த அடியைத் தீர்மானிக்கும் குரல் அது.

டென்வரில் அந்த இடத்தில் நின்ற டாம் நேலன் ஏழாம் சுற்று ஆள். 2008-இல் கிப்ஸ் ஹூஸ்டனுக்கு வந்து கூபியாக்குடன் சேர்ந்த அதே ஆண்டு, டெக்சன்ஸ் டென்வரிலிருந்து கிறிஸ் மையர்ஸைக் கொண்டுவந்தது. வேறு அணி சொல்லும் விலைக்குப் பழைய அணி ஈடுகொடுத்தால் அங்கேயே தங்க வேண்டிய ஒப்பந்த நிலையில் இருந்த அவருக்கு ஹூஸ்டன் விலை சொன்னது. டென்வர் ஈடுகொடுக்கவில்லை. இழப்பீடாகப் போனது ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வு மட்டும். மையர்ஸ் கனத்த ஆள் அல்லர். வெறும் எடையை மட்டும் பார்க்கும் அணி அவரைத் திரும்பிப் பார்த்திருக்காது. ஆனால் சோன் முறையின் மொழி அவருக்கு ஏற்கெனவே தெரியும். அடுத்த பல பருவங்கள் அந்த வரிசையின் நடுவே அவர்தான்.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதுவே: உங்கள் முறையை ஏற்கெனவே ஆடிய அணி எது என்று பாருங்கள், அங்கே இரண்டாம் வரிசையிலோ ஒப்பந்த முடிவிலோ நிற்கும் சென்டர் யார் என்று பாருங்கள். 2016-இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் இதையே கொஞ்சம் பணம் செலவழித்துச் செய்தது. கைல் ஷானஹன் 2014-இல் கிளீவ்லாந்தில் தாக்குதலை நடத்தியபோது அவரிடம் ஆடிய சென்டர் அலெக்ஸ் மேக்கை விலைக்கு வாங்கியது. அந்தப் பருவத்தில் ஐந்து முன்வரிசையாளர்களும் ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் தொடங்கினார்கள். அணி 540 புள்ளிகள் குவித்து சூப்பர் பௌலுக்குப் போனது.

4. மற்றவர்கள் விரும்பாததை வாங்குங்கள்

ஒரு முறையை உறுதியாகப் பிடித்துக்கொள்வதில் கிடைக்கும் பெரிய லாபம் சந்தையில்தான். லீக்கில் பாதிப் பேர் ‘சின்ன ஆள்’ என்று தள்ளிவிடும் கார்டு உங்களுக்குக் கச்சிதமாக இருப்பார். அவரை ஐந்தாம் சுற்றில் எடுக்கலாம்.

2008 டிராஃப்டில் ஹூஸ்டன் கையில் 18-ஆவது தேர்வு இருந்தது. அதை பால்டிமோருக்குக் கொடுத்து 26-க்கு இறங்கியது. கூடவே 89-ஆவதும் 173-ஆவதும் கிடைத்தன. 18-இல் பால்டிமோர் குவார்ட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோவை எடுத்துக்கொண்டது. 26-இல் ஹூஸ்டன் எடுத்தவர் டுவேன் பிரவுன், கல்லூரியில் டைட் எண்டாக (வரிசையின் கோடியில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவராக) வந்து டேக்கிளாக மாறியவர். முதல் சுற்றுக்கு இவரா என்று அன்று புருவம் உயர்த்தியவர்கள் உண்டு. டைட் எண்டின் கால்கள் கொண்ட டேக்கிள் என்பது சோன் பயிற்சியாளருக்குப் புதையல் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. 89-இல் வந்த ரன்னிங் பேக் ஸ்டீவ் ஸ்லேட்டன் முதல் பருவத்திலேயே 1,282 யார்டு ஓடினார்.

வலது டேக்கிள் எரிக் வின்ஸ்டன் 2006-இல் மூன்றாம் சுற்றில் வந்தவர். அவருக்கு ஓரிடம் முன்னால் எடுக்கப்பட்ட சார்லஸ் ஸ்பென்சர் முதல் பருவத்திலேயே கால் முறிந்து முடங்கினார். ஆகவே ஓர் இடத்துக்கு இரண்டு ஆளை எடுப்பதை வீண்செலவு என்று எண்ணாதீர்கள். வலது கார்டு மைக் பிரிசீல் டிராஃப்டில் விலைபோகாதவர். இடது கார்டு வேட் ஸ்மித் 2010-இல் கான்சாஸ் சிட்டியிலிருந்து வந்தார். கார்டுகளைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. சென்டர் சரியாக அமைந்தால் கார்டைக் கண்டுபிடிப்பது எளிது.

5. ஆறாவது ஆளை மறக்காதீர்கள்

இரண்டு பக்கமும் ஆடக்கூடிய ஒரு மாற்று டேக்கிள், சென்டரும் கார்டும் ஆடக்கூடிய ஒரு மாற்று நடுவரிசையாளர். இவர்களும் அதே முறைக்காரர்களாக இருக்க வேண்டும். 2010-இல் டுவேன் பிரவுனுக்கு நான்கு ஆட்டத் தடை விழுந்தபோது ரஷாட் பட்லர் உள்ளே வந்தார். ஃபாஸ்டரின் ஓட்டம் நிற்கவில்லை.

6. அடியைக் கற்றுக்கொடுங்கள்

ஆளெடுப்பு செய்தித்தாளுக்கு. வேலை இங்கேதான். வெளிப்புற சோன் ஓட்டத்தை வலப்பக்கம் ஆடுவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் வாரம் எதிராளியே வேண்டாம். ஐந்து பேரை ஒரு கோட்டில் நிறுத்தி, முதல் இரண்டு அடியை மட்டும் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். வலது கால் கொஞ்சம் பின்னால் சாய்ந்து வலப்பக்கம் போகும்; இடது கால் குறுக்கே வந்து தரையில் ஊன்றும். இந்த இரண்டாவது அடி தரையைத் தொடும்போது தோள்கள் திரும்பிவிட்டிருந்தால் அந்த ஆள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார், தடுக்கவில்லை. பக்கத்திலிருந்து ஒன்றும், பின்னாலிருந்து ஒன்றுமாக இரண்டு கேமராவில் பதிவு செய்யுங்கள். பின்னாலிருந்து எடுத்த பதிவில் ஐந்து பாதமும் ஒரே நொடியில் மண்ணைவிட்டு எழ வேண்டும்.

அடுத்தது, ‘எனக்கு நேரே ஆள் உண்டா இல்லையா’ என்ற விதி. நேரே எதிராளி நின்றால் அவருடைய வெளித்தோளைக் குறிவைத்துப் போக வேண்டும். நேரே யாரும் இல்லையென்றால் ஓடும் திசையில் இருக்கும் அண்டைவீட்டாருக்குத் துணை போக வேண்டும். இருவரும் இடுப்போடு இடுப்பு ஒட்டி எதிராளியைத் தள்ளிக்கொண்டே போவார்கள். அவர் ஒரு பக்கம் சாய்ந்ததும் ஒருவர் அவரை முழுதாக எடுத்துக்கொள்ள, மற்றவர் கழன்று, எதிர்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் என்ற காப்பாளரிடம் போவார். எப்போது கழல்வது என்பதில்தான் முழு வித்தையும். சீக்கிரம் கழன்றால் முன்னாலிருப்பவர் நடுவே பிளந்துகொண்டு வருவார். தாமதித்தால் லைன்பேக்கர் வாசலை அடைத்துவிடுவார். இதைக் கத்திச் சொல்லிக்கொடுக்க முடியாது. அண்டை இருவரும் சேர்ந்து ஆயிரம் முறை செய்து, ஒருவர் இடுப்பின் அழுத்தத்தை மற்றவர் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே பயிற்சியில் ஜோடிகளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். காயம் வந்தாலொழிய இடது கார்டு இடது கார்டாகவே இருக்கட்டும்.

மூன்றாவது, பின்பக்கத்துக்காரர்கள். ஓட்டம் வலப்புறம் போகும்போது இடது டேக்கிளும் இடது கார்டும் சும்மா ஒட்டிக்கொண்டு ஓடினால் போதும் என்று நினைப்பார்கள். நல்ல ஓட்டங்களில் பாதி, பேக் உள்நோக்கித் திரும்பி அவர்கள் பக்கமாகவே வெட்டிச் செல்வதால் வருகின்றன. அங்கே எதிராளியின் ஓட்டத்தைத் துண்டிக்க டென்வர்க்காரர்கள் தொடைக்குக் கீழே பாய்ந்து விழத்தட்டுவார்கள். இதற்காகவே லீக்கில் பாதி அவர்களை வெறுத்தது. இருவர் சேர்ந்து ஒருவரை மேலும் கீழுமாகத் தாக்குவது 2016 முதல் முழுக்கத் தடை. எனவே இன்று கற்பிக்க வேண்டியது பாய்ச்சலை அல்ல, காலை வேகமாக எட்டிவைத்து முன்னால் போய் நிற்பதை.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பின் பருவத்தின்போது முழுக் கவசத்தோடு செய்யும் பயிற்சிகள் 14 என்று சுருங்கிவிட்டன. மோதல் இல்லாமல் கற்றுக்கொடுக்கக்கூடியது அடி மட்டுமே. சோன் முறைக்கு அது ஒரு வசதி. அதனால் ஓட்ட ஆட்டங்களின் பட்டியலைச் சுருக்குங்கள். இரண்டு ஓட்டங்களை எந்த எதிர்வரிசைக்கு எதிராகவும் ஆடத் தெரிந்த அணி, இருபது ஓட்டங்களை அரைகுறையாக ஆடும் அணியைவிட மேல். (டென்வர் முன்வரிசையினர் பத்திரிகையாளர்களிடம் பேசுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்; மீறினால் தங்களுக்குள்ளேயே அபராதம். அதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் ஐந்து பேரை ஓர் உடலாக்க அதுவும் உதவியிருக்கும்.)

7. ஓடுகிறவருக்கும் பாடம் உண்டு

சோன் முறையில் ரன்னிங் பேக் பொறுமையாகத் தொடங்கி, ஒரே ஒரு முறை காலை ஊன்றித் திரும்பி, பிறகு திரும்பிப் பார்க்காமல் முன்னே போக வேண்டும். முதலில் வெளிக்கோடியில் இருக்கும் எதிராளியைப் படிப்பார். அவர் வெளியே ஓடினால் உள்ளே பார்ப்பார். இரண்டாவது முறை திரும்ப நினைத்தால் கதை முடிந்தது. அதிவேகக்காரரைத் தேடாதீர்கள், கண்ணுள்ளவரைத் தேடுங்கள். ஃபாஸ்டர் 2010 முதல் ஆட்டத்திலேயே இண்டியானாபொலிஸுக்கு எதிராக 231 யார்டு ஓடினார். பதிவைப் பார்த்தால் அவர் அவசரப்படும் இடம் ஒன்றுகூட இருக்காது.

8. வீச்சையும் அதே அடியில் தொடங்குங்கள்

முதல் படியில் ஓடியபடி வீசும் குவார்ட்டர்பேக்கைச் சொன்னேன். ஐந்து பேரும் வலப்பக்கம் பாயும்போது எதிரணி முழுதும் வலப்பக்கம் இழுபடும். பந்தைக் கொடுப்பதுபோல் காட்டிவிட்டு குவார்ட்டர்பேக் இடப்பக்கம் வெளியே ஓடினால் அவர் முன்னால் வெறும் புல்வெளிதான் இருக்கும். ஹூஸ்டனில் மாட் ஷாப் இதைச் சலிக்காமல் செய்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகளே கிடைக்கும் இந்த ஆட்டத்தில், மூன்றாவது முயற்சியில் 12 யார்டு தேவைப்படும்போது இந்த மாயம் செல்லாது. லேசான நடுவரிசை, கனத்த எதிராளி நேராக இடித்துக்கொண்டு வரும்போது பின்வாங்கும். அந்தச் சூழ்நிலைகளைக் குறைப்பதுதான் மருந்து: முதல் முயற்சியிலேயே நான்கு ஐந்து யார்டு எடுத்துவிட வேண்டும்.

9. முதல் ஆண்டை எப்படி அளப்பது?

வெற்றி தோல்வியை வைத்து அளக்காதீர்கள். ஹூஸ்டன் 2008-இல் 8 வெற்றி 8 தோல்வி. பாருங்கள்: ஓட்டங்கள் கோட்டுக்குப் பின்னாலேயே முடங்குவது குறைகிறதா? ஐந்து பேரில் எத்தனை பேர் ஒன்றாக எத்தனை ஆட்டங்கள் தொடங்கினார்கள்? தவறுகள் ஆள் தவறா, அடி தவறா? அடித் தவறு என்றால் பொறுங்கள்.

கிப்ஸ் 2009 பருவத்தோடு போய்விட்டார். ஃபாஸ்டரின் பெரிய ஆண்டு அதற்கு அடுத்தது. 2006 முதல் முன்வரிசைப் பயிற்சியாளராக இருந்த ஜான் பென்டன் தொடர்ந்து இருந்ததால் பாடம் அறுபடவில்லை. இரண்டாவது ஆசிரியர் ஒருவர் எப்போதும் இருக்கட்டும்.

10. கட்டியதைப் பிரிக்கும் நாள்

2011-இல் டெக்சன்ஸ் முதல்முறையாக பிளேஆஃபுக்கு (பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்றுக்கு) போனது. உடனே சம்பள உச்சவரம்பு நெருக்கியது. 2012 மார்ச்சில் வின்ஸ்டன் விடுவிக்கப்பட்டார். பிரிசீல் ஓக்லாந்துக்குப் போனார். வலப்பக்கம் முழுதும் புது ஆட்கள். இடப்பக்கத்து பிரவுன், ஸ்மித், மையர்ஸ் மூவரும் அந்த ஆண்டு, பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌலுக்குத் தேர்வானார்கள். அணி 12 ஆட்டங்களை வென்றது. ஆனால் 2010-இல் ஓர் ஓட்டத்துக்கு 4.9 யார்டு எடுத்த ஃபாஸ்டர் 2012-இல் 4.1-க்கு இறங்கினார். எல்லாம் வலப்பக்கத்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அவரும் அந்த ஆண்டு 351 முறை சுமந்திருந்தார். என்றாலும் ஒரே ஆண்டில் ஒரே பக்கத்தின் இரண்டு ஆட்களை மாற்றாதீர்கள். கழலும் நேரத்தை ஒருவருக்கொருவர் இடுப்பால் படித்துக்கொண்டவர்கள் அவர்கள். ஒப்பந்தங்கள் ஒரே மார்ச்சில் முடியாதபடி முன்கூட்டியே படிப்படியாக எழுதுங்கள்.

பிரிசீல் போன ஓக்லாந்து ரெய்டர்ஸ் அதே ஆண்டு, ஹூஸ்டனில் குவார்ட்டர்பேக் பயிற்சியாளராக இருந்த கிரெக் நாப்பைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக அழைத்து, சோன் முறைக்கு மாறியது. அதுவரை அங்கே பவர் முறை. அதில் டேரன் மெக்ஃபேடன் 2011-இல் ஓர் ஓட்டத்துக்கு 5.4 யார்டு எடுத்திருந்தார். ஹூஸ்டனின் கார்டு, ஹூஸ்டனின் பாடப் புத்தகம், மற்ற நால்வரும் ஓடுகிறவரும் ஓக்லாந்தினர். மெக்ஃபேடன் 2012-இல் எடுத்தது ஓர் ஓட்டத்துக்கு 3.3 யார்டு. நாப் அந்தப் பருவத்தோடு வேலையிழந்தார்.